கண்ணாடிக்குள்ள ஒரு சதுப்பு நிலம்: திண்டுக்கல் வெயிலுக்கு ஏத்த மாதிரி

போன வருஷம் மே மாசம் எங்க வீட்டு ஹால்ல ஒன்பது கப்பி மீன் ஆறே நாள்ல செத்துப் போச்சு. கூடவே வச்சிருந்த பாசியும் காபித்தூள் கலருக்கு மாறிடுச்சு. "தண்ணி சரியில்ல, அதான்"னு அம்மா சொன்னாங்க. நானும் அதையேதான் நம்பினேன். நம்ம ஊர் போர் தண்ணி மேல பழி போடறது ரொம்ப ஈஸி. ஆனா காரணம் அது இல்லைன்னு புரிய எனக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு. இந்தக் கட்டுரை அந்த ஒரு செமஸ்டரோட நோட்ஸ்.

முதல்ல பேரு. முழுக்கத் தண்ணின்னா அக்வேரியம், முழுக்க மண்ணுன்னா டெரேரியம். பாதி நிலம், பாதி நீர், ரெண்டுலயும் செடின்னா பாலுடேரியம். லத்தீன்ல 'பலூஸ்'னா சதுப்பு. அதாவது வீட்டுக்குள்ள ஒரு குட்டிப் பள்ளிக்கரணை.

நான் பண்ண முதல் தப்பு, ஒரு வெளிநாட்டு வீடியோவை அப்படியே காப்பி அடிச்சது. அதுல தொட்டிக்கு மேல முழுக்கக் கண்ணாடி மூடி போட்டு, ஈரப்பதம் வெளிய போகாம அடைச்சிருந்தாங்க. நானும் அடைச்சேன். இந்த மூடிய கண்ணாடிப் பெட்டி ஐடியா எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் பார்த்தா லண்டன்ல போய் நிக்குது. 1829ல நதானியேல் பாக்ஷா வார்ட்ங்கிற டாக்டர், ஒரு அந்துப்பூச்சியோட கூட்டுப்புழுவை ஈர மண்ணோட பாட்டில்ல போட்டு மூடி வச்சார். பூச்சியை விட, அந்த மண்ணுல தானா முளைச்ச பெரணிதான் அவரை ஆச்சரியப்படுத்துச்சு. லண்டன் கரிப்புகையில அவரோட தோட்டத்துப் பெரணி எல்லாம் பட்டுப் போயிட்டு இருந்தப்ப, இது மட்டும் பாட்டிலுக்குள்ள செழிப்பா வளர்ந்துச்சு. 1833ல அதே மாதிரி பெட்டிகள்ல செடி வச்சு சிட்னிக்குக் கப்பல்ல அனுப்பினாங்க, உயிரோட போய்ச் சேர்ந்துச்சு.

இதோட அடுத்த அத்தியாயம் நம்ம பக்கம் நடக்குது. 1860ல கிளெமென்ட்ஸ் மார்க்கம், குயினைன் மருந்துக்காகப் பெரு நாட்டுல சிங்கோனா கன்றுகளைச் சேகரிச்சு, இதே வார்ட் பெட்டிகள்ல அடைச்சு ஊட்டிக்குக் கொண்டு வந்தார். வழியில ஆன தாமதமும் செங்கடல் வெயிலும் சேர்ந்து கன்றுகளை வேக வச்சிடுச்சு. ஊட்டிக்கு வந்து சேர்ந்தும் பிழைக்கல. அடுத்த வருஷம் ராபர்ட் கிராஸ் கொண்டு வந்த கன்றுகள்தான் நீலகிரியில வேர் பிடிச்சது. குளிர்ல காப்பாத்துற பெட்டி வெயில்ல அடுப்பா மாறும். என் ஹால்ல நடந்ததும் அதேதான், செங்கடல் மட்டும்தான் இல்ல.

சரி, ரெண்டாவது தொட்டியை எப்படிக் கட்டினேன்னு பார்ப்போம்.

அளவு மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தண்ணி நிக்கறது வெறும் 15 செ.மீ. உயரத்துக்கு, சுமார் 60 லிட்டர். பக்கக் கண்ணாடி மேல வர்ற அழுத்தம் தண்ணியோட உயரத்தைப் பொறுத்ததே தவிர, தொட்டியோட நீளத்தைப் பொறுத்தது இல்ல (ஃபர்ஸ்ட் இயர்ல படிச்சது, முதல் தடவையா உருப்படியா உதவுச்சு). அதனால 6 மி.மீ. கண்ணாடியே தாராளமா போதும். ஒட்டறதுக்கு, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான் கேட்டு வாங்குங்க. வினிகர் வாசனை முழுசாப் போற வரைக்கும், குறைஞ்சது ஒரு வாரம், தண்ணி ஊத்தாதீங்க.

கண்ணாடி மட்டும் 24 கிலோ வருது. தண்ணி, கல், மண் எல்லாம் சேர்த்தா 120 கிலோ கிட்ட. ரெண்டு பேர் ஸ்டடி டேபிள் மேல நிரந்தரமா ஏறி நிக்கற மாதிரி. எங்க சிவில் நண்பன் ஐஎஸ் 875ஐக் காட்டி, வீட்டுத் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோதான் கணக்குன்னு பயமுறுத்தினான். அது தளம் முழுக்கப் பரவின சராசரிக் கணக்கு. சுவரை ஒட்டி, இரும்பு ஸ்டாண்ட்ல வச்சா கவலை வேண்டாம். நடு ஹால்ல வைக்காதீங்க.

நிலப் பகுதிக்கு மண்ணைக் கொட்டி நிரப்பக் கூடாது, அழுகி நாறும். பிவிசி பைப் துண்டுகளைக் கால் மாதிரி நிறுத்தி, அது மேல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு வச்சேன். அடியில தண்ணி தாராளமா ஓடும். தட்டு மேல உடைச்ச செங்கல் துண்டு, அது மேல நைலான் கொசுவலை, அதுக்கும் மேல நல்லா நாலஞ்சு தடவை அலசின தேங்காய் நார்க்கழிவும் கொஞ்சம் கரித்துண்டும். நார்க்கழிவுல உப்பு இருக்கும், அலசாம போட்டா செடி கருகும். அலங்காரக் கல் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்க. பொங்குச்சுன்னா சுண்ணாம்புக் கல், ஏற்கெனவே கடினமா இருக்கற நம்ம தண்ணியை இன்னும் கடினமாக்கும்.

குட்டி பம்ப் ஒண்ணு தண்ணியைப் பின் சுவர் மேல ஏத்தி, நிலப்பகுதி வழியாச் சொட்டுச் சொட்டா இறக்கும். பம்ப் வயர் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கீழ தொங்கி மேல ஏறணும். அப்பதான் வயர் வழியா வர்ற தண்ணி பிளக்குக்குள்ள போகாம அந்த வளைவுலயே சொட்டும். வீட்டுல ஈஎல்சிபி இல்லைன்னா அதை முதல்ல போடுங்க, தொட்டி அப்புறம்.

இப்ப மூடி. கண்ணாடிக்குப் பதிலா வலை மூடி போட்டு, தண்ணி இருக்கற பக்கம் மட்டும் பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின 12 வோல்ட் ஃபேனை வச்சேன். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக சுமார் 2430 கிலோஜூல் வெப்பம் வேணும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் ஆவியாச்சுன்னா சராசரியா 14 வாட் வெப்பம் வெளிய போகுது. எங்க ஹால்ல மதியம் 35 டிகிரி காட்டினப்ப தண்ணி 32ஐத் தாண்டல. நம்ம மே மாசக் காத்து வறண்டு இருக்கறது இங்கதான் உதவுது. ஐப்பசி மழையில ஃபேன் பெருசா வேலை செய்யாது, அப்ப அது தேவையும் இல்ல. ஃபேன் காத்து நிலப் பக்கம் மட்டும் படக்கூடாது, பாசி காய்ஞ்சிடும்.

ஆனா இங்க ஒரு சிக்கல். தண்ணி மட்டும்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலயே தங்கும். எங்க போர் தண்ணி டிடிஎஸ் 1200. தினமும் அரை லிட்டர்னா மாசத்துக்கு 15 லிட்டர். அதை அதே போர் தண்ணியாலயே ஈடு கட்டினா 18 கிராம் உப்பு கூடுது. 60 லிட்டர்ல அது 300 பிபிஎம். அப்போ ஒரே மாசத்துல 1200 வந்து 1500 ஆயிடும். அதனால குறையற தண்ணிக்கு ஆர்ஓ தண்ணி, இல்லைன்னா சுத்தமாப் பிடிச்ச மழைத்தண்ணி மட்டும் ஊத்துங்க. ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளுற கழிவுத்தண்ணியில உப்பு இன்னும் அதிகம், அது வேண்டாம். ஏசியில சொட்டுற தண்ணியும் வேண்டாம், அதுல செம்பு கலந்திருக்கலாம், இறால் வகை உடனே செத்துடும்.

அப்போ என் கப்பி ஏன் செத்துச்சு? கப்பிக்குக் கடினத் தண்ணி பிடிக்கும். அதுக்குத்தான் நான் தப்பான ஆளைக் குற்றவாளி ஆக்கிட்டு இருந்தேன். மீனோட கழிவுல அம்மோனியா வரும். பாக்டீரியா அதை முதல்ல நைட்ரைட்டாவும், அப்புறம் அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாவும் மாத்தும். புதுத் தொட்டியில அந்த பாக்டீரியாவே இருக்காது, வளர மூணுல இருந்து ஆறு வாரம் ஆகும். நான் காத்திருந்தது ஒரு ராத்திரி. இதுல பிஹெச் ரொம்ப முக்கியம். 30 டிகிரி தண்ணியில பிஹெச் 7 இருந்தா, மொத்த அம்மோனியாவுல விஷமான வடிவம் 100ல ஒரு பங்குக்கும் குறைவு, மீதி எல்லாம் தீங்கு குறைஞ்ச அம்மோனியம். பிஹெச் 8.2னா அதுவே 11 பங்கு! எங்க தொட்டியில 8.2தான். மென்மையான தண்ணி இருக்கற ஊர்ல தப்பிச்சிருக்கக் கூடிய மீன், நம்ம ஊர்ல என் அவசரத்தால செத்துச்சு. போதாக்குறைக்கு சூடான தண்ணியில ஆக்ஸிஜனும் குறைவு: 20 டிகிரியில லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரையும், 30ல 7.6தான். கடைசி நாள் எல்லா மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிட்டு இருந்துச்சு. பசிக்குதுன்னு நினைச்சு நான் இன்னும் தீனி போட்டேன். அதை இப்ப நினைச்சாலும் சங்கடமா இருக்கு.

அதனால ரெண்டாவது தடவை மீனே இல்லாம ஓட விட்டேன். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும், பாக்டீரியாவுக்கு. டெஸ்ட் கிட்ல அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட 33 நாள் ஆச்சு. அந்த இடைவெளியில கொசு முட்டை வைக்கும், அம்மா டெங்கு பயத்துல தினம் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. வலை மூடியில சந்து இல்லாம பார்த்துக்கிட்டா போதும். மீன் வந்த பிறகு கொசுப்புழுவை அதுவே பார்த்துக்கும்.

செடிக்கு கொடைக்கானல் போற வழியில பாசி சுரண்டிட்டு வர்ற ஐடியா இருந்தா விட்டுடுங்க. அந்தக் காட்டுப் பகுதி 2013ல இருந்து வனவிலங்கு சரணாலயம். அதோட, மலைப் பாசி நம்ம சமவெளிச் சூட்டுல நிக்காது. என்கிட்ட இப்ப நல்லா இருக்கறது வல்லாரை, நீர்ப்பிரம்மி, சிங்கோனியம், வேர் மட்டும் தண்ணியில தொங்கற மணி பிளான்ட், நர்சரியில வாங்கின ஒரு பெரணி. மணி பிளான்ட் நைட்ரேட்டை நல்லா உறிஞ்சும். நியான் டெட்ரா அழகுதான், ஆனா அது அமேசானோட மென்மையான தண்ணி மீன். தண்ணியை மீனுக்காக மாத்தறதை விட, தண்ணிக்கு ஏத்த மீனா வாங்கறது செலவும் கம்மி, சாவும் கம்மி. குளத்துல பிடிச்ச பால் ஆமையைக் கொண்டு வந்து விடலாமான்னு ஒரு ஜூனியர் கேட்டான். டேய் தம்பி, அது வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, கேஸ் ஆயிடும். அதே மாதிரி கப்பி பெருகிடுச்சுன்னு குளத்துல கொண்டு போய் விடாதீங்க, ஃப்ரெண்ட்ஸுக்குக் கொடுங்க. ஆகாயத்தாமரையும் இங்க அலங்காரச் செடியாத்தான் வந்துச்சு.

இப்ப ஏழு கப்பி, நாலு மாசமா ஓடுது. நான் ஹாஸ்டல்ல இருக்கற நாள்ல தொட்டியைப் பார்த்துக்கறது அம்மாதான். கண்ணாடியில மார்க்கர்ல ஒரு கோடு போட்டு, "தண்ணி இதுக்குக் கீழ போனா ஒரு சொம்பு குடிக்கற தண்ணி, தீனி ஒரு சிட்டிகை, மீன் மேல வந்து வாயைத் திறந்தா தீனி போடாம எனக்குப் போன் பண்ணுங்க"ன்னு எழுதி ஒட்டி வச்சிருக்கேன். போன வாரம் போன் வந்துச்சு. எடுத்தா, கப்பி குட்டி போட்டிருக்காம், பதினாலு எண்ணிட்டாங்களாம்.