‘புல் பெஞ்ச்’ கச்சேரியும் டிஜிட்டல் மிக்ஸரும்

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) தம் கச்சேரிகளில் வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் முதலியவற்றையும் ஒருங்கே அமர்த்தினார். ‘புல் பெஞ்ச்’ என்பது அதற்கு வழங்கிய பெயர். அத்தகையதோர் அரங்கை இந்நாளில் டிஜிட்டல் மிக்ஸர் கொண்டு கேட்பிக்குமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மைக்கில் விழும் ஒலியை இக்கருவி நொடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக்கும். அவ்வெண்ணுக்கு மேலெல்லை ஒன்று உண்டு. அதனைக் கடந்த ஒலி முகடு துண்டிக்கப்பட்டுக் கரகரக்கும். பின்னர் ஃபேடரை எத்துணை இறக்கினும் சீராகாது. ஆதலின் முதற்பணி கெயினை அமைத்தலே. மிருதங்க வித்துவான் மெல்லத் தட்டிக் காட்டுவதை அளந்து பயனில்லை. தனியாவர்த்தனத்தில் விழும் வன்மையான அடியையே வாசிக்கச் செய்து, அம்முகடு எல்லைக்கு 12 டெசிபெல் கீழே நிற்குமாறு வைத்தல் நன்று.

நிற்க. தாளங்களிடையே பாட்டு அமிழ்ந்தால் பலரும் பாட்டையே உயர்த்துவர். உயர்த்த உயர்த்த, ஒலிபெருக்கியின் ஒலி மைக்கிற் புகுந்து ஊளையிடும். கடத்தையும் மோர்சிங்கையும் சிறிது தாழ்த்துதலே தக்கது. பாடகருக்குரிய மானிட்டரை ஃபேடருக்கு முன்னரே பிரித்தனுப்புக. அன்றேல் அவைக்கெனச் செய்யும் மாற்றமெல்லாம் அவர் செவியையும் அலைக்கும்.

இவ்வளவுகளைச் சேமித்து மறுநாளும் அழைக்கலாம். கெயினை மட்டும் மீண்டும் அளந்தே வைத்தல் வேண்டும். மிருதங்கம் ஒருநாள் ஒலித்தவாறே மறுநாள் ஒலிப்பதன்று.