டிவியில் கேம் விளையாடும்போது படத்தில் பட்டை ஓடுகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் அடுத்து நடப்பது என்ன தெரியுமா? கம்ப்யூட்டர், டிவி, கேம் பெட்டி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பதுதான். இணைத்ததும் படம் வரும். படத்தோடு கோடும் பட்டையும் சேர்ந்து வரும். "கேம் பெட்டி போய்விட்டது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். பெரும்பாலும் பெட்டியில் கோளாறே இருக்காது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம். என் வீட்டில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

2006 கோடை விடுமுறை. அம்பத்தூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு, ஆவடியிலிருந்து என் அக்கா மகன் பிளேஸ்டேஷன் 2 பெட்டியோடு வந்தான். படத்துக்கான மஞ்சள் பிளக்கை 21 அங்குல டிவியில் செருகினோம். சத்தம் பெரிதாக வேண்டும் என்பதால், வெள்ளை, சிவப்பு பிளக்குகளை ஒரு கன்வெர்ட்டர் வயர் மூலம் கம்ப்யூட்டரின் லைன்-இன் துளையில் செருகினோம். கம்ப்யூட்டரில் பெரிய ஸ்பீக்கர் இருந்தது.

படம் வந்தது. கூடவே அகலமான ஒரு மங்கல் பட்டை திரையில் கீழிருந்து மேலே மெதுவாக ஊர்ந்தது. ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல்.

"மாமா, என் பிஎஸ் டூ போச்சா?" என்றான், அழுகிற குரலில்.

பக்கத்து வீட்டு நண்பர் வந்து பார்த்தார். "இது சின்ன விஷயம் சார். கம்ப்யூட்டர் பிளக்ல அந்தத் தடியான பின் இருக்கே, அதை எடுத்துட்டா சரியாயிடும்" என்றவர், ஒரு டூ-பின் கன்வெர்ட்டரை மாட்டினார். பட்டை மறைந்தது! எல்லோரும் கை தட்டினோம்.

அன்று மாலை டிவியை நகர்த்துவதற்காகப் பையன் கேபிள் டிவி வயரைப் பிடுங்கினான். ஒரு கையில் அந்த வயரின் உலோக முனை, இன்னொரு கை கம்ப்யூட்டர் கேபினட்டின் மேல். "ஆ!" என்று கத்திக் கையை உதறினான். கேபினட் திருகில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. நல்லவேளையாக அது லேசான அதிர்ச்சிதான். அன்று ஒரு பாடம் கற்றேன். பட்டையைப் போக்கினோம், பாதுகாப்பையும் சேர்த்துப் போக்கிவிட்டோம்.

பட்டை ஏன் வந்தது?

மஞ்சள் வயரில் போகும் படச் சிக்னலின் அளவு சுமார் 1 வோல்ட்தான். அதில் மிகச் சிறிய மின்னழுத்தம் கலந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கேபிள் டிவி வயரின் வெளிவலை, தெருவில் எங்கோ ஓரிடத்தில் பூமியைத் தொடுகிறது. கம்ப்யூட்டரின் கேபினட், த்ரீ-பின் பிளக் வழியாக நம் வீட்டு எர்த்தைத் தொடுகிறது. இந்த இரண்டு எர்த்துகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே டிவி, கேம் பெட்டி, ஆடியோ வயர் என்று ஒரு பாலம் போட்டுவிட்டோம். அந்தப் பாலத்தின் வழியே சிறு மின்னோட்டம் சுற்றி வருகிறது. இதற்குப் பெயர் கிரவுண்ட் லூப்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நம் நாட்டு டிவி முறையான பால், நொடிக்கு 50 முறை திரையை வரைகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் பட்டை மெதுவாக ஊர்கிறது. 60 ஹெர்ட்ஸில் ஓடும் கேமைப் போட்டால் அதே கோளாறு நொடிக்குச் சுமார் 10 முறை துடிப்பதுபோல் தெரியும்.

எர்த் பின்னை நீக்கியதும் சுற்று அறுந்தது, பட்டை போனது. ஆனால் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள வடிகட்டியிலிருந்து கசியும் சிறு மின்னோட்டத்துக்கு இனி வீட்டு எர்த் வழி இல்லை. அது கேம் பெட்டி, டிவி வழியாகக் கேபிள் வயரைப் பிடித்துக்கொண்டது. பையன் அந்த வயரைப் பிடுங்கியதும் அவனே வழியாகிவிட்டான். உள்ளே உண்மையிலேயே பழுது ஏற்பட்டு முழு மின்சாரமும் கேபினட்டுக்கு வந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. எனவே எர்த் பின்னை ஒருபோதும் உடைக்காதீர்கள், டூ-பின் கன்வெர்ட்டர் போடாதீர்கள். மழைக்காலத்தில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

1. எல்லாச் சாதனங்களையும் அணைத்து, பிளக்குகளைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

2. கேம் பெட்டியையும் டிவியையும் மட்டும் இணையுங்கள். கேபிள் டிவி வயர், செட்-டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். இப்போது ஆன் செய்து பாருங்கள். படம் சுத்தமாக இருந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

3. மறுபடி அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் பட்டை வருகிறதோ, அங்கேதான் சுற்று முடிகிறது.

எங்கள் வீட்டில் ஆடியோ வயரை எடுத்தாலும் பட்டை போனது. கேபிள் டிவி வயரை எடுத்தாலும் போனது. கிரவுண்ட் லூப்புக்கு இதுவே அடையாளம்.

சரி செய்வது எப்படி?

செலவில்லாத வழி, சத்தத்தையும் டிவியிலேயே கேட்பது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்தான் வேண்டும் என்றால், ஆடியோ வயரின் நடுவே 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' போடுங்கள். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள் இருக்கும். சத்தத்தைக் கடத்தும், எர்த்தைக் கடத்தாது. ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். நான் அதைத்தான் செய்தேன். த்ரீ-பின் பிளக் பழைய இடத்துக்கே திரும்பியது. பட்டையும் வரவில்லை, உறுமலும் இல்லை. விடுமுறை முடியும்வரை பையன் டிவியை விட்டு எழுந்திருக்கவில்லை!

பட்டை இல்லை, வேறு மாதிரி வருகிறதா?

*மெல்லிய சாய்ந்த கோடுகள், மீன்முள் போல:* பக்கத்தில் உள்ள ஏதோ ஒன்றின் உயர் அதிர்வெண் அலை கலக்கிறது. மலிவான மொபைல் சார்ஜர், எல்.இ.டி. பல்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். படவயரையும் மின்வயரையும் ஒன்றாகச் சுருட்டி வைக்காதீர்கள். கேசட் போடும் பழைய கேம் பெட்டிகள் ஆன்டெனா துளை வழியாக இணைவதால், அவற்றில் இந்தத் தொல்லை அதிகம். ஏ.வி. அவுட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

*திடீர் திடீரென்று வெள்ளைப் புள்ளிகள்:* மிக்ஸி, தையல் மெஷின் மோட்டார், வெல்டிங் போன்றவற்றின் தீப்பொறி. அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய தெருக்களில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பட்டறை மூடிய பிறகு படம் தெளிந்தால் காரணம் அதுதான். நல்ல வெளிவலை உள்ள தடித்த ஏ.வி. வயர் போட்டால் குறையும்.

*கறுப்பு வெள்ளையாக வருகிறது அல்லது படம் உருளுகிறது:* இது இடையூறே அல்ல. கேம் என்.டி.எஸ்.சி. முறையில் வருகிறது, டிவி பால் முறையில் நிற்கிறது. பால் 625 வரிகள், 50 ஹெர்ட்ஸ், என்.டி.எஸ்.சி. 525 வரிகள், 60 ஹெர்ட்ஸ். டிவி மெனுவில் கலர் சிஸ்டம் என்பதை 'ஆட்டோ' ஆக்குங்கள்.

*புது எல்.இ.டி. டிவியில் மஞ்சள் துளையே இல்லை:* பல டிவிகளில் 3.5 மி.மீ. துளை ஒன்றுதான் இருக்கும். அதற்கான வயரை டிவி கம்பெனி சொன்னபடியே வாங்குங்கள். ஒரே மாதிரி தோன்றினாலும் உள் இணைப்பு மாறுபடும். தப்பான வயரில் படம் வராது, சத்தம் மட்டும் இரையும். அந்தத் துளையும் இல்லையென்றால் ஏ.வி.-யிலிருந்து எச்.டி.எம்.ஐ.-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் தேவை.

*எச்.டி.எம்.ஐ. வயரில் கோளாறு:* இது டிஜிட்டல் சிக்னல். அதனால் ஊரும் பட்டை வராது. மின்மினி போன்ற புள்ளிகள் வரும், அல்லது திரை சில நொடி கறுத்துத் திரும்பும். வேறு வயர், முடிந்தால் நீளம் குறைந்த வயர் மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை. இன்றே உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாருங்கள். மேலே மூன்று துளைகள் இருக்கும். உள்ளே இரண்டு வயர் மட்டுமே போகும் பெட்டிகள் ஏராளம். சுவர் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துவிடுங்கள். படத்தில் கோடு வந்தால் ஒரு வாரம் பொறுக்கலாம். எர்த் இல்லாவிட்டால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது.