அசைவும் உவகையும்: பெருந்தொற்று முடக்கக் காலத்தில் சிறாரின் மீள்திறன் – சோலூர்ச் சூழலை முன்வைத்து

முன்னுரை

கொரோனா பெருந்தொற்றை முன்னிட்டு 2020 மார்ச் 25 முதல் நாடு தழுவிய பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில நாள்கள் முன்னரே மூடப்பட்ட தமிழகப் பள்ளிகளில், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் தொடங்கின. இந்நெடிய இடைவெளியைக் கடந்து சிறார் மனம் தேறுவதை ‘மீள்திறன்’ என உளவியலார் குறிப்பர். அது குழந்தையின் தனித்த உள்ளுறுதி அன்று. சூழ்ந்திருப்போரின் உறவால் விளைவது என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணையுடன் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மெய்ப்பாட்டியல் காட்டும் நெறி

அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் இழவையும் அசைவையும் தொல்காப்பியர் தனித்தனியே வைக்கிறார். உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டு வேறொரு நிலையில் வருந்துதல் அசைவு என்பது பேராசிரியர் உரையின் கருத்து. வீட்டில் எவரையும் இழக்காத குழந்தையின் அழுகையைக் காரணமற்றது எனப் பெரியோர் ஒதுக்குவதுண்டு. அசைவு என்னும் சொல் அவ்வழுகைக்கும் காரணம் உண்டு என உணர்த்துகிறது. மேலும், பெருமிதத்திற்குக் கல்வியும் உவகைக்கு விளையாட்டும் நிலைக்களன்களாக அமைகின்றன. பள்ளி மூடப்பட்டபோது இவ்விரண்டும் ஒருங்கே தடைப்பட்டன.

சோலூர்ச் சூழல்

உதகைக்கு அருகிலுள்ள சோலூர்ப் பேரூராட்சி, தேயிலைத் தோட்டங்களும் படுகர் ஹட்டிகளும் தோடர் மந்துகளும் விரவிய மலைப்பகுதி. இத்தகைய சிதறிய குடியிருப்புகளின் சிறாரை நாள்தோறும் ஓரிடத்தில் கூட்டுவது பள்ளியே. எனவே, பள்ளி மூடல் இங்குப் பாட இழப்பாக மட்டுமன்றித் தோழமை இழப்பாகவும் அமைகிறது. கல்வித் தொலைக்காட்சி பாடத்தை வீட்டிற்குக் கொணர்ந்தது. விளையாட்டுத் தோழரைக் கொணர அதனால் இயலாது.

மலைப்பிள்ளைகள் இயல்பிலேயே உறுதி மிக்கவர்கள் என்னும் கருத்து இங்கு ஆய்வுக்குரியது. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். கடும் இடர்ச்சூழலில் வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்னிலை எய்தினர். பெற்றோரோ பாட்டியோ வேறு உறவினரோ, அன்புடன் பேணிய ஒருவரேனும் அவர்களுக்கு வாய்த்திருந்தமை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டறியப்பட்டது. எஞ்சிய இரு பங்கினரையும் கருதினால், ‘குழந்தைகள் தாமே தேறிவிடுவர்’ என்பது எத்துணைப் பிழையான நம்பிக்கை என்பது புலனாகும். தோட்டவேலைக்குப் பெற்றோர் சென்றபின் வீட்டிலிருக்கும் பாட்டியின் பேச்சும் கதையும் இந்நோக்கில் வெறும் பொழுதுபோக்கு அல்ல. குழந்தையைத் தாங்கும் பிடிமானம் ஆகும்.

முடிவுரை

2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம், தன்னார்வலர் வழியே சிறாரை அவர்தம் குடியிருப்பிலேயே மீண்டும் ஒன்றுகூட்டியது. கற்றல் இழப்பை ஈடுசெய்வதே அதன் நோக்கமெனினும், தோழமையை மீட்டதும் அதன் பயனாகக் கொள்ளத்தக்கது. நெடிய முடக்கத்திற்குப் பின் பள்ளி திறக்கும்போது விளையாட்டிற்கும் உரையாடலுக்கும் முதலிடம் தந்து, தேர்வை அதன்பின் வைப்பதே முறை. அசைவை அறிந்து ஆற்றினால்தான் உவகை மீளும். உவகை மீண்ட நெஞ்சிலேயே கல்வி பெருமிதமாக வளரும்.