துயருற்ற நண்பரும் நகைச்சுவைப் படமும்

காதல் முறிந்து துயருற்றிருக்கும் நண்பரை, காதலையே வேடிக்கையாகக் காட்டும் திரைப்படத்தின் முன் அமர்த்துதல் தகுமா? போதனை முடிந்தபின் உபாசகர் ஒருவர் எழுப்பிய இவ்வினா எளிதன்று. அன்புடையாரைப் பிரிதல் துக்கம், விரும்பியதைப் பெறாமை துக்கம் எனப் பகவன் முதற் போதனையிலேயே வகுத்தருளினார். காதற் பிரிவில் இவ்விரண்டும் கூடியுள்ளன. ஆதலின் அதனை இளமைப் பித்து என்று இகழ்தல் தம்மம் அறிந்தார்க்கு அடாது.

தகாது என்போர் சங்யுத்த நிகாயத்துத் தாலபுடர் வரலாற்றைக் காட்டுவர். மக்களை நகைப்பிக்கும் கூத்தன் மறுமையில் நகைக்குந் தேவருலகு எய்துவானோ என்று கூத்தர் தலைவராகிய அவர் வினவினார். பகவன் இருமுறை விடை தவிர்த்தார். மூன்றாம் முறை, ஆசையும் வெறுப்பும் மயக்கமும் உடையாரிடத்து அவற்றையே மிகுவிக்குங் கூத்து நற்கதி தராதென்றார். சீகாலோவாத சூத்திரமும், ஆடல் எங்கே பாடல் எங்கே என்று அலைதலைப் பொருளழிக்கும் வழிகளுள் ஒன்றாக வைக்கின்றது. மெய்யே. ஆயினும் தாலபுடர் வினவியது கூத்தன் பெறும் பயனைப் பற்றி. அருகமர்ந்த நண்பனைப் பற்றியன்று. இன்பத்தினும் துன்பத்தினும் மாறாது நிற்பவனே நண்பன் என்பதும் அதே சீகாலோவாதந்தான்.

படத்தைத் தெரிந்தெடுப்பதிலும் கருத்து வேண்டும். ஸ்ரீதர் இயக்கிய இரு படங்களை நோக்குக. 1959இல் வெளிவந்த ‘கல்யாண பரிசு’, தமக்கையின் பொருட்டுத் தங்கை தன் காதலனை விட்டுக்கொடுக்குங் கதை. இறுதியில் அவன் தன் குழந்தையையே அவளுக்குத் திருமணப் பரிசாக அளித்து அகல்வான். நல்ல படமே, ஆயினும் புதுப்புண் உடையார்க்கு ஆகாது. 1964இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’யோ வேறுவகை. வேலையினின்று நீக்கப்பட்ட ரவிச்சந்திரன் முதலாளி பாலையாவின் வீட்டெதிரிலேயே கூடாரமடித்து நியாயங் கேட்பார். முத்துராமன் முதியவர் வேடம் பூண்டு அவருக்குச் செல்வத் தந்தையாவார். (ஆலைத் தொழிலாளராயிருந்த நமக்கு அக்கூடாரக் காட்சி சற்றுக் கூடுதலாகவே இனிக்கும்.)

சாம்பியன் ரீப் பகுதி இளைஞர் ஒருவர், தாம் விரும்பிய பெண்ணுக்கு வேறிடத்தில் மணம் முடிந்தபின் ஊணும் உறக்கமும் குறைந்திருந்தார். 2001இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் நம்மூரார் பலரையும் போல, பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறி வேலைக்குச் செல்பவர். ஒரு ஞாயிறன்று மாலை நம் இல்லத்தில் அவரோடிருந்து அப்படத்தைத் தொலைக்காட்சியிற் பார்த்தோம். காதலர் பாடுமிடங்களில் தலைகவிழ்ந்திருந்தார். நாகேஷ் தம் தந்தையாகிய பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லி, வாயாலேயே ஓசைகள் எழுப்பி நடுங்கச் செய்யும் காட்சியில் வாய்விட்டு நகைத்தார், நகைத்தவாறே அழுதார். “அண்ணா, நான் சிரித்தது தப்புப் போல் இருக்கிறது” என்றார். நாம் விடை கூறவில்லை, படத்தையும் நிறுத்தவில்லை.

அவர் தப்பென்று கருதியதே நாம் கற்கவேண்டிய இடம். இன்ப உணர்ச்சி நிகழும் கணத்தில் துன்ப உணர்ச்சி நிகழாதென்று தீகநக சூத்திரம் கூறும். இடையறாதது என்று அவர் நம்பியிருந்த துயரில் ஓர் இடைவெளி இருந்தது. அதனைத் தாமே கண்டு அஞ்சினார். பஞ்சாலையில் அறுந்த இழையை இணைப்பவன் முதலில் கதிரைக் கையால் நிறுத்துவான். சுழலும்போது இணைக்க முயன்றால் இழை மேலும் அறும். நகைச்சுவை அங்ஙனம் நிறுத்துங் கைதான். இழை அதனால் இணைந்துவிட்டதென்று எண்ணி, வாரந்தோறும் படம் படமாகக் காட்டுவோர் சீகாலோவாதம் விலக்கிய வழியிலேயே நண்பரைச் செலுத்துகின்றனர்.

நகைத்தாரா என்று அடிக்கடி அவர் முகத்தைச் சோதித்தல் வேண்டா. அவளினும் நல்லவள் கிடைப்பாள் என்றலும் வேண்டா. ஆறுதல் என்றெண்ணி அப்பெண்ணை இகழ்தல் மிகத் தீது. வெறுப்பை மிகுவித்தலாகிய அது, தாலபுடருக்குச் சொல்லப்பட்ட குற்றத்துள் நேரே அடங்கும்.

தீக நிகாயத்துச் சக்கபஞ்ஹ சூத்திரத்திலும் காதலில் ஏமாந்தான் ஒருவன் உளன். பஞ்சசிகன் என்னுங் கந்தருவன், இராசகிருகத்தின் கிழக்கேயிருந்த மலைக்குகையில், பகவன் திருமுன் வீணை மீட்டிக் காதற் பாட்டொன்று பாடினான். அவன் விரும்பிய பத்திரை வேறொருவனை விரும்பியிருந்தாள். பகவன் சினந்திலர், வீணையொலியும் மிடற்றொலியும் இசைந்தமையைப் பாராட்டி, இப்பாட்டை எப்பொழுது இயற்றினாய் என்று மட்டுமே வினவினார். அவன் கதை முழுவதையுங் கூறினான்.

நம் இளைஞரிடம் நாமும் அவ்வாறே, எப்பொழுது தொடங்கியது என்று மட்டும் கேட்டோம். களியும் கீரைக்குழம்பும் உண்டபின். அவர் சொல்லி முடிக்க நள்ளிரவாயிற்று. மறுநாள் அவருக்கு வண்டி விடியுமுன்னரே.