பேரனுக்குச் சுன்னத்து: பெரியவர்கள் சொல்ல வேண்டியதும் கவனிக்க வேண்டியதும்

கைக்குழந்தைக்குச் சுன்னத்து செய்ய நாள் கேட்டுப் போனால், "குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறையாத கோளாறு உண்டா?" என்று மருத்துவர் கேட்பார். இளம் பெற்றோர் பலர் "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். பழைய விவரம் அவர்களுக்குத் தெரியாது. அது பாட்டிக்குத்தான் தெரியும்.

ஹீமோபிலியா என்னும் அந்தக் கோளாறு பெரும்பாலும் தாய்வழியாக வரும். தாய் நன்றாகவே இருப்பார். பிறக்கும் ஆண் பிள்ளைக்கு இரத்தம் எளிதில் நிற்காது. ஆகவே குழந்தையின் தாய்மாமன், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், பாட்டியின் அண்ணன் தம்பி ஆகியோரை நினைத்துப் பாருங்கள். பல் பிடுங்கிய பிறகு இரத்தம் நிற்காமல் போனவர் உண்டா? அடிபடாமலே முட்டி வீங்கியவர்? சுன்னத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்? எஸ்டேட் காலத்தில் இதற்கெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் தேவையில்லை, நடந்ததைச் சொன்னால் போதும். அண்ணன்மார் சுன்னத்தினால் அடுத்தடுத்து இறந்திருந்தால் அடுத்த பிள்ளைக்குச் செய்ய வேண்டாம் என்று யூதர்களின் தால்மூத் நூலே 1,500 ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருக்கிறது. இன்று இரத்தப் பரிசோதனை இருக்கிறது. கோளாறு தெரிந்தால் தக்க மருந்து கொடுத்து, வசதியுள்ள மருத்துவமனையில் பாதுகாப்பாகச் செய்யலாம்.

ஹீமோபிலியா உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் அப்படி யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எனவே பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டதா என்றும் குழந்தையின் புத்தகத்தில் பாருங்கள். குறைமாதக் குழந்தை, மஞ்சள்காமாலை உள்ள குழந்தை என்றால் தள்ளிப்போடுங்கள். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழே இருந்தால் செய்யவே கூடாது. அதைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்தத் தோல் வேண்டும். அவசரம் ஒன்றுமில்லை. பையனுக்கு ஏழெட்டு வயதான பிறகு செய்கிற குடும்பங்கள் நம் நாட்டில் நிறைய உண்டு.

செய்த பிறகு

முதல் நாள் பேம்பர்சில் சில இரத்தப் பொட்டுகள் இருக்கும். இரண்டு மூன்று நாளில் புண்மேல் மஞ்சளாக ஒரு படலம் வரும். பாட்டிமாரை அதிகம் பயமுறுத்துவது இதுதான். அது சீழ் அல்ல, துடைத்து எடுக்காதீர்கள். கையைக் கழுவிவிட்டு, பேம்பர்ஸ் மாற்றும்போதெல்லாம் மருத்துவர் சொன்ன களிம்பைத் தடவுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம்.

மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் உள்ள மொத்த இரத்தம் ஏறக்குறைய ஒரு டம்ளர்தான், 250 மில்லி. பெரியவர்களுக்குச் சொற்பமாகத் தெரிவது அதற்குப் பெரிய இழப்பு. இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். நூலோ ரப்பரோ கட்டக் கூடாது. அப்படியும் நிற்காவிட்டால், அல்லது நுனி கறுத்துப் போனால், 8 மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டால், 38 டிகிரி காய்ச்சல் வந்தால், சிவப்பு அடிவயிறுவரை பரவினால், பிளாஸ்டிக் வளையம் பின்னுக்கு நகர்ந்து இறுகினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தஞ்சோங் காராங் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். வழியிலும் துணியை அழுத்தியே பிடித்திருங்கள். குழந்தையின் புத்தகத்தையும், நனைந்த பேம்பர்சையும் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு இரத்தம் போனது என்று மருத்துவர் அதைப் பார்த்துக் கணிப்பார்.