வேர் முடிச்சுக்குள்ளே உரம்



காரைக்குடி பக்கம் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும், "யூரியாவுக்கே கடன் வாங்க வேண்டியிருக்கு மேடம்" என்ற பேச்சைக் கேட்கிறோம். நம்ம செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் தழைச்சத்து குறைவுதான். ஆனால் அதைச் சேர்க்கிற செடி நம்மகிட்டயே இருக்கிறது.

பூக்கிற சமயத்தில் ஒரு கடலைச் செடியையோ தட்டைப்பயறுச் செடியையோ மண்ணோடு தோண்டிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நன்றாக வேலை செய்கிறது.

முடிச்சுக்குள் இருப்பது ரைசோபியம் என்ற நுண்ணுயிர். செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அது காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். நம்ம குழுவின் கொடுக்கல் வாங்கல் மாதிரிதான்!

கவனிக்க வேண்டியவை:

1. பயறுக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு குறையும்.

2. முடிச்சே இல்லையா? அடுத்த முறை ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

3. உளுந்தை வேரோடு பிடுங்காமல் அறுத்தெடுங்கள். வேர் மண்ணிலேயே மக்கி, அடுத்த பயிருக்கு உதவும்.

உரச் செலவு முழுதும் நின்றுவிடாது, குறையும். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு செடி கொண்டு வாருங்கள். சேர்ந்தே கீறிப் பார்ப்போம்.