முத்திரையும் திருத்தமும்

கைபேசிச் செயலிகளைத் தம் விருப்பிற்கேற்பத் திருத்திக்கொள்ள விழைவோர் இக்காலத்திற் பலர். விளம்பரம் நீக்கல், வேவு தடுத்தல் முதலியன அவர்தம் நோக்கங்கள். இதற்கு 'ரூட்' எனப்படும் தலைமையதிகாரம் இன்றியமையாததென்று சிலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாமையை ஈண்டுக் காட்டப் புகுகின்றோம்.

ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் ஒவ்வொரு செயலியும் தனியறையிற் குடியிருக்கும். ஓரறையார் மற்றோரறையுட் புகார். ரூட் அதிகாரமோ எல்லா அறைகளுக்கும் பொதுவான திறவுகோல். அந்தரங்கக் காப்பை நோக்கமாகக் கொண்டு, 2019 முதல் கிராஃபீன்ஓஎஸ் என்னும் பெயரால் வழங்கும் இயங்குதளம் அத்திறவுகோலைத் தருவதில்லை.

அங்ஙனமாயின் திருத்துவது எவ்வாறு? திருத்தம் கைபேசியின் இயங்குதளத்தில் நிகழ்வதன்று; நிறுவுதற்கு முன்னரே ஏபிகே கோப்பில் நிகழ்வது. அக்கோப்பு ஆக்கியோனுடைய மறைக்குறி முத்திரையைத் தாங்கி வரும். உள்ளே ஓரெழுத்து மாறினும் அம்முத்திரை செல்லாதாகும். ஆதலின் திருத்தினோன் தன் முத்திரையை இடல்வேண்டும். முத்திரை வேறாகவே, மூலச்செயலியின்மேல் அதனை நிறுவ இயங்குதளம் இசையாது. மூலத்தை நீக்கியேனும், வேறு அடையாளப் பெயரிட்டேனும் நிறுவல்வேண்டும். பின்வரும் புதுப்பிப்புகளும் அம்முத்திரையோடே வருதல்வேண்டும். இவற்றுள் ஒன்றற்கும் ரூட் வேண்டப்படாது.

இந்நிலை தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், இடைச்செருகலென்று தாம் கருதிய பாடல்களைக் களைந்தும் பாடங்களைத் திருத்தியும் கம்பராமாயணத்தைப் பதிப்பித்தனர். உடன்பட்டாரும் மறுத்தாரும் உளர்; ஆயினும் திருத்தினார் யாரென்பதில் ஐயமில்லை. பெயரறியார் ஏட்டில் நுழைத்த செய்யுளோ கம்பர் பெயராலேயே நடமாடிற்று.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிற் பணிமனை கொண்ட சோகோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட 'உலா' என்னும் உலாவி, குரோமியம் என்னும் திறந்த மூலத்தினின்று எழுந்தது. 'சிக்னல்' செயலியினின்று எழுந்த 'மோலி'யும் அத்தகையது. இரண்டும் தத்தம் பெயரோடே வெளிவருகின்றன.

கைமாறி வரும் திருத்திய வாட்ஸ்அப் அன்னதன்று. முத்திரையிட்டார் இன்னாரென்று அறிதல் அரிது. அதனைப் பயன்படுத்துவார் கணக்கை வாட்ஸ்அப் நிறுவனம் முடக்குதலும் உண்டு. அறையின் சுவர் பிற செயலிகளைக் காக்கும். அவ்வறைக்குள் நாமே இட்ட கடிதங்களைக் காவாது. கிராஃபீன்ஓஎஸ் ஒரு செயலிக்கு இணையத் தொடர்பையே மறுக்க இடந்தரும். ஆயின் கடிதம் விடுக்கும் செயலிக்கு அதனை மறுத்தல் யாங்ஙனம்?

ஆதலின் திருத்திய செயலியை நிறுவுமுன் மூன்று வினாக்களை எழுப்புக: மூலத்தின் உரிமம் திருத்தத்திற்கு இசைகின்றதா? முத்திரையிட்டவர் யாவர்? செயலி கேட்கும் அனுமதி அதன் தொழிலுக்கு ஏற்றதா? இவற்றிற்கு நேரிய விடை கிடையாதாயின் நிறுவாது விடுதலே நன்று. அவ்வறையுள் இருப்பன நம் கடிதங்கள் மட்டுமல்ல. நம்மை நம்பி நமக்கு எழுதினோர் கடிதங்களும் ஆண்டே உள.